ரத்தம் முதலில், மாத்திரை பிறகு

ஊசி குத்தி ரத்தம் எடுப்பதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். குத்துவதற்கு முன்னால் கேட்கிற மூன்று கேள்விக்கு முழுப் பதில் வாங்க எனக்குப் பதினாறு வருஷம் போதவில்லை.

கண்டி குட்செட் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் நிலையம். இரண்டு அறை, ஆறு கதிரை. கவுண்டரில் றிஸ்வானா, ஊசியோடு நான். எடுத்த ரத்தத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதும் வந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பதும்தான் எங்கள் வேலை. காலை ஆறரைக்குத் திறந்தால் பத்து மணிக்குள் கூட்டம் கலைந்துவிடும். சீனி, கொழுப்பு, சிறுநீரகம் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் வருவார்கள். என் பொறுமையைத் தின்பவர்கள் தைராய்டுக்காரர்கள்தான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, நானும் ஒன்பது வருஷமாகத் தைராய்டு மாத்திரை விழுங்குகிறவள். வாசிக்கிற உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் அந்தச் சின்ன மாத்திரை இருக்கும். காலையில் எழுந்து அதைப் போட்டுவிட்டு அடுப்படியை ஏக்கத்தோடு பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற கஷ்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று கேள்வி இவைதான். இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா? ஏதாவது சாப்பிட்டீர்களா? வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு கொஞ்சம் கூடிக் காட்டலாம். அதனால் அன்றைய மாத்திரையைக் கையோடு கொண்டுவரச் சொல்வோம். ரத்தம் முதலில், மாத்திரை பிறகு. தமிழிலும் சிங்களத்திலும் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதை வாசித்துவிட்டு வந்த ஒருவரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

*கை செய்த வேலை*

முதல் குற்றவாளியைத் தேடி வெளியே போக வேண்டாம். எனக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை, ஆட்கள் வந்து சேருவதற்கு முன்பே நானே போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். றிஸ்வானா கவுண்டரில் இருந்தாலும் ஊசி குத்தவும் படித்தவள். கையில் பட்டியைக் கட்டினாள், பஞ்சால் துடைத்தாள், நான் மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். என் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் மாத்திரையும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். கண் முழிப்பதற்கு முன்பே கை அதை எடுத்து வாயில் போட்டுவிடும், ஒன்பது வருஷப் பழக்கம். மாத்திரைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்று முந்தின நாள் நினைத்தது ஞாபகம் இருந்தது. பூட்டியது ஞாபகம் இல்லை. நாக்கில் அந்தக் கசப்பு இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தேன். றிஸ்வானா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியை அவிழ்த்தாள். பிறகு சொன்னாள், "நாளைக்கு வாங்க அக்கா. செவுத்துல எழுதி ஒட்டி இரிக்கிது, போகக்குள்ள வாசிச்சிட்டுப் போங்க."

*மூன்றாவது தடவை*

யோகமலர் எங்களிடம் முதல் தடவை வந்தது போன வருஷம். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயது முப்பத்திரண்டு. முதல் பஸ் பிடித்து வந்து, கதவு திறக்கும் முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். டொக்டர் கொடுத்த துண்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அதில் டி.எஸ்.எச். என்று எழுதி, பக்கத்தில் கர்ப்பம், எட்டு வாரம் என்று இருந்தது.

டி.எஸ்.எச். என்பது மூளை தைராய்டுச் சுரப்பியைப் பார்த்துப் போடுகிற அதட்டல். சுரப்பி சோம்பிக் கிடந்தால் அதட்டல் கூடும், மாத்திரை உடம்பில் சேர்ந்தால் குறையும். வயிற்றில் பிள்ளை இருக்கிறபோது அந்த எண் நன்றாகக் கீழே இருக்க வேண்டும் என்று டொக்டர்கள் பார்ப்பார்கள். யோகமலருக்கு அது பத்தைச் சுற்றியே நின்றது. மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் அசையவில்லை. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு கர்ப்பம் மூன்றாம் மாதம் தாண்டாமல் கலைந்துபோயிருந்தது. இது மூன்றாவது. இதெல்லாம் நான் கேட்டு அவள் சொன்னதில்லை. நரம்பு தேடுகிற அந்த ஒரு நிமிஷத்தில், ஊசியைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்தபடி தானாகச் சொன்னாள்.

மூன்று கேள்வியையும் கேட்டேன். மாத்திரை இன்னும் போடவில்லை, கையில் இருக்கிறது என்றாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். வேறு மருந்து, கிளினிக்கில் மிட்வைஃப் கொடுக்கிற சத்து மாத்திரை மட்டும் என்றாள். பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாருக்கும் கொடுப்பதுதானே என்று நானும் எழுதிக்கொண்டேன். இப்படி ஒழுங்காகப் பதில் சொல்கிறவர்கள் பத்துக்கு ஒருவர்தான் வருவார்கள் என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பஞ்சை அழுத்தியபடியே எழுந்தாள். கதவுப் பக்கம் போனவள் திரும்பி நின்று கேட்டாள், "சொன்னதெல்லாம் சொன்னபடிதான் செய்யிறேன் மிஸ். அப்புறம் ஏன் இந்த நம்பரு எறங்க மாட்டேங்குது?"

*கொப்பி அடிக்காத மாஸ்டர்*

அடுத்த கிழமை மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வுபெற்று, அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மேல் வளைவில் குடியிருக்கிற கணித ஆசிரியர். அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறுகிறவர், அன்றைக்கு எங்கள் மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார். முகம் உப்பியிருந்தது. பேச்சு இழுத்தது. இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

மாத்திரை போட்டீர்களா என்றேன். இல்லை என்றார் பெருமையாக. நல்லது, ரத்தம் எடுத்த பிறகு போடலாம் என்றேன். இன்றைக்கு மட்டுமில்லை, ஐந்து கிழமையாகவே போடவில்லை என்றார். எடுத்த குழாயை மேசையில் வைத்தேன். அவருடைய சுரப்பியை எப்போதோ வெட்டி எடுத்தாகிவிட்டது, மாத்திரைதான் அவருக்குத் தைராய்டு. டொக்டர் நிறுத்தச் சொன்னாரா என்று கேட்டேன். டொக்டர் சொல்லவில்லை, தானே யோசித்து எடுத்த முடிவு என்றார். மாத்திரையின் அளவு சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை, அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டே வந்தால்தான் அர்த்தம், அன்றைக்குக் காலையில் மட்டும் ரத்தம் எடுக்கும்வரை பொறுத்தால் போதும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அன்றைக்கே டொக்டரைப் பார்க்கச் சொல்லி அவருடைய மருமகளுக்கும் போன் போட்டேன். மாஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வகுப்பில் தப்பு விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "அதெப்பிடிப் பிள்ளை, குளிசையைப் போட்டுக்கொண்டு சோதனைக்கு வந்தால், அது கொப்பி அடிச்சுப் பாஸ் பண்ணின மாதிரியெல்லோ?"

*முடிக்குப் போடுவது*

தர்ஷினி டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிற பெண். தைராய்டு மாத்திரை எடுக்கத் தொடங்கி இரண்டு வருஷம், எண்ணெல்லாம் ஒழுங்காக இருந்தது. திடீரென்று ஒரு ரிப்போர்ட் தலைகீழாக வந்தது. அதைப் பார்த்தால் அவள் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, மெலிந்துபோய் நிற்க வேண்டும். அவளோ என் முன்னால் நின்று நிதானமாகச் சாப்பாட்டுப் பொதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டுக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை என்று டொக்டரே திரும்ப எடுக்க அனுப்பியிருந்தார்.

இந்தத் தடவை நான் விடவில்லை. கைப்பையில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் மேசையில் வைக்கச் சொன்னேன். தைராய்டு மாத்திரையோடு ஒரு பெரிய பளபளப்பான போத்தலும் வெளியே வந்தது. முடி கொட்டாமல் இருக்க வெளிநாட்டில் இருக்கிற அக்கா அனுப்பிய பயோட்டின். அந்தச் சத்து உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் சில இயந்திரங்களில் தைராய்டுக் கணக்கைக் குழப்பிவிடும். சில நாள் அதை நிறுத்திவைத்துவிட்டு வர வேண்டும், எத்தனை நாள் என்பதை டொக்டரிடம் கேட்க வேண்டும். அவளை அனுப்பினேன். அடுத்த கிழமை எடுத்த ரிப்போர்ட் பழையபடி ஒழுங்காக இருந்தது. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் ஏசினேன். அவள் கோபிக்கவில்லை. "மருந்து ஏதும் போடுறீங்களான்னுதானே மிஸ் கேட்டீங்க? இது முடிக்குத்தானே."

நான் கேட்டதற்கு அவள் சரியான பதில் சொல்லியிருந்தாள். அதை வைத்து அன்றைக்கே நான் ஒன்று படித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

*ஹாஜியாரின் முப்பது நாள்*

அந்த மாதமே நோன்பும் வந்தது. ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் எங்களுக்குப் பழைய ஆள். காலை ஒன்பது மணிக்கு வந்து, ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று பள்ளியில் கேட்டுவிட்டேன் என்று முதலிலேயே சொன்னார். நான் என் பாட்டுக்கு மாத்திரை போட்டீர்களா என்றேன். விடியும் முன்னால் சஹருக்குச் சாப்பிடும்போது சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதாகச் சொன்னார். அது சாப்பாட்டோடு போடுகிற மாத்திரை இல்லை, ரத்தம் எடுக்கும் நாளில் முன்னால் போடவும் கூடாது என்றேன்.

அவருக்கு அது பெரிய சிக்கல். ரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு போடலாம் என்றால், பிறகு என்பது அவருக்கு நோன்பு துறக்கும் நேரம். அப்போது பேரீச்சம்பழம், கஞ்சி, பால் என்று வரிசையாக வரும். இதை நான் தீர்க்க முடியாது, டொக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பினேன். இரவில் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், அப்படியே போட்டுக்கொண்டு சில கிழமை கழித்துச் சோதிக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஹாஜியார் அதைச் சொல்லிப் போகத் திரும்ப வந்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மத்த ஆக்கள வெறும் வகுத்தோட வரல்லன்னு ஏசுறீங்க. நான் முப்பது நாளும் வெறும் வகுத்தோட இரிக்கிறேன், எனக்கும் ஏசுறீங்களே மிஸ்."

*ஒரே மடக்கு*

நாலு கிழமை கழித்து யோகமலர் திரும்ப வந்தாள். போன ரிப்போர்ட்டிலும் எண் இறங்கவில்லை. மாத்திரையை நூறு மைக்ரோகிராமாகக் கூட்டியிருந்தார்கள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டாவது வாரம். மற்ற இரண்டும் கலைந்தது இந்த நாட்களில்தான். படியேறும்போது ஒரு கையால் சேலைக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஏறினாள்.

மூன்று கேள்வி, மூன்று நல்ல பதில். ரத்தம் எடுத்தேன். கூட்டம் அதிகம் இல்லாததால் அன்றைக்கு அவளைக் கொஞ்சம் உட்கார்ந்து போகச் சொன்னேன். அவளும் உட்கார்ந்தாள். இனி மாத்திரை போடலாம்தானே என்று என்னிடமே கேட்டாள். போடுங்கள் என்றேன். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தாள். தைராய்டு மாத்திரை ஒன்று, கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை ஒன்று, பெரிதாகக் கல்சியம் ஒன்று, இன்னும் இரண்டு. எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டினாள். பிறகு ஒரு பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றினாள். கறுப்பாகச் சாயத்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி, ஆவி பறந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஐந்து மாத்திரையும் ஒரே மடக்கில் உள்ளே போய்விட்டது.

எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். விடிய எழுந்து முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றி, வேலைக்குப் பேர் கொடுக்கப் போவதற்கு முன்னால் எல்லா மாத்திரையையும் சேர்த்துப் போட்டுவிடுவாளாம். மலையில் ஏறிவிட்டால் மறந்துபோகும் என்பதற்காக. ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. வெறும் வயிற்றில் போடச் சொன்னார்களே என்றேன். வெறும் வயிற்றில்தான் போடுகிறேன், ரொட்டி சாப்பிட எட்டு மணியாகும் என்றாள். அப்படியானால் இது என்ன என்று பிளாஸ்கைக் காட்டினேன். கேள்வி விளங்காமல் பிளாஸ்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "தேத்தண்ணியெல்லாம் சாப்பாடா மிஸ்?"

*துண்டில் எழுதியது*

நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, இன்னும் ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்று சொல்கிற ஊர் எங்களுடையது. விருந்தாளி வந்தால் ஒன்றும் வேண்டாம், தேத்தண்ணி மட்டும் போதும் என்பார்கள். அது கணக்கிலேயே வராது. சாப்பிட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் அவள் உண்மைதான் சொல்லியிருக்கிறாள். அந்தத் தேத்தண்ணி மாத்திரையை உடம்பில் சேர விடாமல் தடுத்தது பாதி, கூடவே போன இரும்பும் கல்சியமும் தடுத்தது மீதி. டொக்டர் கூட்டிக் கூட்டிக் கொடுத்ததெல்லாம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் போட வேண்டும், தேத்தண்ணிக்கு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அது போதாது. இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து டொக்டர் மாத்திரையை இன்னும் கூட்டி, அவளும் இனிமேல் ஒழுங்காகப் போட்டால், எண் மறுபக்கம் ஓடிவிடும். அதுவும் பிள்ளைக்கு நல்லதில்லை. அதனால் ஒரு துண்டில் எழுதினேன்: இவர் இத்தனை நாளும் இந்த மாத்திரையை இரும்பு, கல்சியத்தோடு சேர்த்துச் சாயத்தண்ணியில் போட்டிருக்கிறார். கீழே என் பெயரையும் போட்டேன். எங்கள் நிலையத்தில் ரிப்போர்ட்டோடு கையெழுத்துத் துண்டு எதுவும் போகக் கூடாது என்பது சட்டம். றிஸ்வானா அதை ஞாபகப்படுத்தினாள், நம் வேலை ரத்தம் எடுப்பதோடு முடிந்தது, வைத்தியம் சொன்னதாக யாராவது பிடித்தால் வேலை போய்விடும் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துண்டை மடித்து ரிப்போர்ட் உறைக்குள் வைக்காமல் யோகமலரின் கையிலேயே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் யோகமலரின் டொக்டர் எங்களுக்குப் போன் போட்டார். றிஸ்வானா முகத்தைப் பார்க்காமல் போனை என்னிடம் நீட்டினாள். துண்டு எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். டொக்டர் சொன்னார், "நான் மாத்திரையைக் கூட்டவில்லை, நாலு கிழமை பார்ப்போம். வெறும் வயிற்றில் போடுங்கள் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன் மிஸ், தேத்தண்ணியைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை."

*மண் சரிந்த கிழமை*

நாலாவது கிழமை திங்கட்கிழமை அவள் வர வேண்டும். வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கொப்பியில் அவள் போன் இலக்கம் இருந்தது, அடித்துப் பார்த்தால் எடுக்கவில்லை. மூன்றாம் மாதம் தாண்டினாளா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது? ரத்தம் எடுக்கிறவள் ஆளை நினைத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்று எனக்கு ஊசி பிடிக்கப் பழக்கியவர்கள் சொல்வார்கள். நான் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேருக்கு நரம்பு தவறிக் குத்தி ஏச்சு வாங்கினேன். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் றிஸ்வானாவும் எட்டிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை வந்தாள். மழைக்கு மண் சரிந்து பாதை மூடி, மூன்று நாளாகப் பஸ் ஓடவில்லை, கரண்டும் இல்லாமல் போன் செத்துக் கிடந்ததாம். வயிறு இலேசாகத் தெரிந்தது. என்னை முந்திக்கொண்டு றிஸ்வானா அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். கேள்விகளைக் கேட்டேன். மாத்திரை கையில் இருக்கிறது, ஒன்றும் சாப்பிடவில்லை, சத்து மாத்திரை பத்து மணிக்கு மேல். இப்போது புதிதாகச் சேர்த்துக்கொண்ட நாலாவது கேள்வியையும் கேட்டேன், தேத்தண்ணி குடித்தீர்களா. இல்லை என்றாள். ரத்தம் எடுத்த பிறகு மாத்திரை ஒன்றை மட்டும் எடுத்து, எங்கள் தண்ணீரில் விழுங்கினாள். பிளாஸ்க் கொண்டுவரவில்லை. பஸ் அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. இரண்டு புள்ளி மூன்று. உறையை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் பெயரையும் இலக்கத்தையும் சரிபார்த்தேன். றிஸ்வானா வாங்கிப் பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். போனில் எண் சொல்வதும் எங்கள் சட்டத்தில் இல்லை. இந்தத் தடவை அவளே இலக்கத்தை அடித்து என்னிடம் தந்தாள். யோகமலர் மலையில் நின்றாள், காற்றுச் சத்தமும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டது. எண் இறங்கிவிட்டது, நன்றாக இருக்கிறது, டொக்டரைப் போய்ப் பாருங்கள் என்றேன். அழுகிறாள் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள். "அப்ப இனிமே தேத்தண்ணி குடிக்கலாங்களா மிஸ்? அரை மணி, ஒரு மணின்னு நீங்க சொன்னதுல எங்கயாச்சும் தப்பிப்போயிருமோன்னு, அன்னைக்கிலேருந்து நான் ஒரு வாய்கூடக் குடிக்கல."

பகல் முழுக்கத் தேயிலைக்குள் நின்றுகொண்டு ஒரு மாதம் தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தவளுக்குத்தான், மாத்திரை போட்ட இருபதாவது நிமிஷத்தில் கேத்தலை அடுப்பில் வைக்கிற நான் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லிப் புத்தி சொல்லியிருக்கிறேன்.